சுவை நன்று

ஓசூர்
19.8.2025

கெங்கம்மா,

நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கோபத்தில் மூலையில் எறிந்தாலும் அது அங்கேயே கிடக்கும். இரண்டு நாள் கழித்து நீயே எடுத்துப் படிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் மன்னிப்பு. மே மாதம் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்துவிட்ட என்னை, சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு மறக்காமல் அழைத்தார்கள். ராயபுரம் பள்ளிக்கு ஆசையோடு வந்தேன். நீ கிண்டிய சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய் வைத்ததும், தலைமையாசிரியை தேவப்பிரியம், உன் உதவியாளர் ஜூடி, புதிதாகச் சேர்ந்த டீச்சர்கள் எல்லோரும் நிற்கும்போதே, "என்ன கெங்கம்மா, இன்னிக்கு மூக்கை வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். நீ கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு வெளியே போனாய். திரும்பி வரவில்லை.

நாலு பேர் முன்னால் யாரையும் கேலி செய்யக் கூடாது என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். என்னைப் பெஞ்சு மேல்தான் ஏற்ற வேண்டும்.

ஆனால் பொங்கல் அடிப்பிடித்திருந்தது, கெங்கம்மா. லேசாக இல்லை. அந்த வாடை வராண்டா வரை வந்தது. பத்தொன்பது வருடமாக உன் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே, "ஜூடி, கடுகு கருகுது பாரு" என்று சொல்கிறவள் நீ. அன்றைக்கோ அண்டாவுக்குள் முகத்தை விடாத குறையாகக் குனிந்து குனிந்து பார்த்தாய். ஜூடியிடம் இரண்டு முறை "வாசனை வந்துச்சா?" என்று கேட்டாய். ஏலக்காய் போட்டவளே அதைக் கேட்டால் எனக்குச் சந்தேகம் வராதா?

இளைத்தும் இருக்கிறாய். என்ன ஆயிற்று? அஞ்சாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளிடம் சொல்லக் கூடாதா?

கார்குழலி

*

புளியந்தோப்பு
27.8.2025

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

உங்க லெட்டர் வந்துச்சு. எங்க வூட்டுக்காரரு லோகநாதன் கவரைப் பாத்துட்டு, "இன்னாமே, கவர்மெண்ட்லேர்ந்து உனுக்கு மெடல் குடுக்கறாங்களா"ன்னு கேட்டாரு. டீச்சர் கேலி பண்ணது பத்தாதுன்னு எழுதியும் அனுப்பிக்கீறாங்கன்னு சொன்னேன்.

என் மூக்கு என் மூஞ்சிலதான் கீது. வேணும்னா வந்து தொட்டுப் பாத்துக்குங்க.

அன்னிக்கு நூத்தம்பது பசங்க, அவங்களோட வந்த அம்மாங்க, கவுன்சிலர் ஆளுங்கன்னு எவ்ளோ கூட்டம். இந்தப் பக்கம் ஜூடி கிளர்றேன்னு சொல்லிட்டு கொடி பாக்கப் போய்ட்டா. அண்டா அடிப்பிடிக்காம இன்னா பண்ணும்? ஒரு நாளு பொங்கல் தீஞ்சதுக்கு ஓசூர்லேர்ந்து விசாரணையா? ஓய்வு வாங்கினா ஓய்வா இருக்கணும் டீச்சர். அங்க குளு குளுன்னு கீதாமே.

நீங்க சொல்லிக் காமிச்சதுலேர்ந்து அந்தப் புது டீச்சருங்க என்னைப் பாத்தாலே மூக்கைத் தொட்டுகினு சிரிக்குதுங்க. அது எனுக்கு எவ்ளோ பேஜாருன்னு உங்களுக்குத் தெரியாது.

வேற விசயம் இல்ல.

ஒரு சந்தேகம் மட்டும் கேக்கறேன். எனுக்கு இல்ல. எங்க பிளாக்குல மூணாவது மாடில ஒருத்தி கீறா. ஜூன் மாசம் அவளுக்கு ஜுரம் வந்துச்சு, சளி புடிச்சுச்சு. எல்லாம் போய்ட்டுது. ஆனா அதுலேர்ந்து மீன் கொழம்பு வெச்சா சுடுதண்ணில உப்பும் மொளகாயும் கரைச்சுக் குடிக்கறாப்புல கீதாம். உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, காரமும் நல்லா ஏறுது. மீனு மட்டும் காணோம். நாக்கு கெட்டுப் போச்சுன்னா எல்லாந்தானே போவணும்? பாதி மட்டும் எப்டிப் போவும்? நீங்க சயின்ஸ் டீச்சராச்சேன்னு கேக்கறேன்.

இப்படிக்கு,
கெங்கம்மா, சமையலர்

*

ஓசூர்
3.9.2025

கெங்கம்மா,

உங்கள் பிளாக்குக்கு இரண்டு மாடிதான் என்று எனக்கு நினைவு. புதிதாக ஒன்று கட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கு நான் சொல்வதை அப்படியே படித்துக் காட்டு.

அவளுடைய நாக்கு கெடவில்லை. நாக்கு பாவம், அதற்குத் தெரிந்ததே கொஞ்சம்தான். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு. எலும்பு போட்டுக் கொதிக்கவைத்த சாறு நாக்கில் ஊறுமே, அந்த ருசி ஒன்று. அவ்வளவுதான். காரம்கூட ருசிக் கணக்கில் வராது. சூடு பட்டால் எரிவது போல அதுவும் ஓர் எரிச்சல். அதனால்தான் மிளகாய் அரைத்தால் கையும் எரிகிறது.

மீன் குழம்பில் மீன், சாம்பாரில் பெருங்காயம், காபியில் காபி, இதெல்லாம் மூக்கின் வேலை. நாம் முகர்ந்து பார்ப்பதை மட்டும் சொல்லவில்லை. வாய்க்கும் மூக்குக்கும் தொண்டைக்குப் பின்னால் ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் குடிக்கும்போது பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்தால் மூக்கு வழியாகத் தண்ணீர் வருகிறதே, அதே வழி. மென்று விழுங்கும்போது சோற்றின் மணம் அந்தப் பின்வாசல் வழியாக மூக்குக்குப் போகிறது. நமக்கோ ருசி வாயிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. பொம்மலாட்டத்தில் பொம்மைதான் பேசுகிறது என்று குழந்தை நினைக்கும். பேசுகிறவன் திரைக்குப் பின்னால் இருப்பான். நாக்கு பொம்மை, மூக்குதான் திரைக்குப் பின்னால் இருப்பவன்.

ஏழாம் வகுப்பில் ஒரு சோதனை செய்வேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் மிட்டாய் சாப்பிடச் சொல்வேன். "என்ன ருசி?" என்றால் எல்லாரும் "சர்க்கரை" என்பார்கள். கையை எடுக்கச் சொன்னதும் வகுப்பு முழுக்க "ஏலக்காய்" என்று கத்தும். அந்தப் பெண் இன்னும் எளிதாகச் செய்யலாம். சீரகத்தூள் ஒரு சிட்டிகை, மல்லித்தூள் ஒரு சிட்டிகை. கண்ணை மூடிக்கொண்டு வேறு யாரையாவது நாக்கில் வைக்கச் சொல்லட்டும். எது எது என்று தெரியாவிட்டால் போனது மணம்தான்.

சில ஜுரங்களுக்குப் பிறகு இப்படி ஆவதுண்டு. சிலருக்குத் திரும்பி வரும், மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு வருவதில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டச் சொல்.

இன்னொன்றும் சொல். வீட்டில் மட்டும் சமைக்கிறவளாக இருந்தால் கேஸ் கசிந்தால் தெரியாதே என்று அவளுக்காகக் கவலைப்படுவேன். பலருக்குச் சமைக்கிறவளாக இருந்தால் அந்தப் பலருக்காகவும் கவலைப்படுவேன். நாக்கு உள்ளே போனதைப் பற்றித்தான் சொல்லும். உள்ளே விடலாமா வேண்டாமா என்று முன்னாலேயே சொல்வது மூக்கு.

குழலி

*

புளியந்தோப்பு
12.9.2025

குழலி,

மூணாவது மாடில யாரும் இல்ல.

சீரகம், மல்லி வெச்சுப் பாத்தேன். வூட்டுக்காரருதான் நாக்குல வெச்சாரு. ரெண்டும் மரத்தூளாட்டம் இருந்துச்சு. "இது சீரகம்"னு அடிச்சு சொன்னேன். அவரு ரெண்டு டப்பாவையும் மூடி வெச்சுட்டு ரேடியோ போட்டுக்கினாரு. மல்லின்னு அப்பறமாத்தான் சொன்னாரு.

மொதல்ல எனுக்கு ஜாலியாத்தான் இருந்துச்சு, சொல்றேன் கேளு. பஸ்ஸு ஆடு வெட்டற ஆட்டுத்தொட்டிகிட்ட வரும்போது எல்லாம் முந்தானைய மூக்குல வெச்சிக்கும். நான் மட்டும் ராணியாட்டம் உக்காந்துகினு வருவேன். சளி போனா செரியாப்பூடும்னு நெனச்சேன். ஒரு மாசம் போச்சு. ஒரு நாளு கருவாடு வறுத்துகினு கீறேன், பக்கத்து வூட்டுல கதவ சாத்தறாங்க. எனுக்கு ஒன்னுமே இல்ல. அப்பதான் பயம் வந்துச்சு.

எதுவும் எறங்கல குழலி. சோத்தப் பாத்தா பசிக்கல. ஆறு கிலோ கொறஞ்சு கீறேன். லோகநாதன் ஆசையா வஞ்சரம் வாங்கினு வந்தாரு. அத்த தின்னும்போது சப்பாத்தி மாவ வேக வெச்சுத் தின்னாப்புல இருந்துச்சு. நல்லா கீதான்னு அவரு கேட்டாரு, நல்லா கீதுன்னு சொன்னேன். அன்னிக்குதான் அவருகிட்ட மொத மொதல்ல பொய் சொன்னேன்.

ஏன் ஸ்கூல்ல சொல்லலன்னு நீ கேப்ப. அடுத்த ஜூனோட எனுக்கு ஓய்வு. இத்தினி வருசம் ஒரு புள்ளைக்கு வவுத்து வலின்னு பேர் வாங்காம கரண்டி புடிச்சவ நானு. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா அடுப்பாண்ட விடமாட்டாங்க. "கெங்கம்மாவ எடுத்துட்டாங்க"ன்னு சொல்லுவாங்களே தவிர எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. தப்புப் பண்ணவளாட்டம் வெளிய போவணும். அது என்னால ஆவாது.

பசங்களுக்கு ஒன்னும் ஆவாது, நீ பயப்படாத. நான் வழி வெச்சுகினு கீறேன். கடுகு வெடிக்கறது காதுல கேக்குது. வெங்காயம் செவக்கறது கண்ணுல தெரியுது. பருப்புக்கு கடிகாரம் பாக்கறேன். முட்டைய தண்ணில போட்டுப் பாக்கறேன், மெதந்தா தூக்கிப் போட்ருவேன். உப்பு புளி எப்பவும்போல நானே பாத்துக்கறேன். அதுக்கும் மேல, தெனமும் ருசி பாக்கற தட்டு மேல ஸ்டாஃப் ரூமுக்குப் போவுது. நீ போனப்பறம் சிலுவைமுத்து சாருதான் ருசி பாத்துக் கையெழுத்து போடறாரு. அவரு சாப்ட்டு நோட்டுல எழுதுனப்பறந்தான் பசங்களுக்குப் போடறோம். எனுக்கு மூக்கு இல்லன்னா இன்னா? ஸ்கூலுக்கு ஒரு நாக்கும் மூக்கும் கீதில்ல?

யாருக்கும் சொல்லாத. உன் மேல கோவம் இன்னும் பாதி கீது.

கெங்கம்மா

*

ஓசூர்
17.9.2025
விரைவு அஞ்சல்

கெங்கம்மா,

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை.

ருசிப் பதிவேடு ஆறு வருடம் என் பொறுப்பில் இருந்தது. முதல் வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டுப் பார்த்தேன். இரண்டாவது வருடம் ஒரு கவளம். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. பதினொன்றே முக்காலுக்கு உன் தாளிப்பு மணம் என் வகுப்புக்கு வரும். அது வந்தால் சரி, கெங்கம்மா பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை யாராவது இருக்கும். மேலே வரும் தட்டை அதன் கையில் கொடுத்துவிட்டு, நான் நோட்டில் "சுவை நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். தட்டு காலியாகக் கீழே வந்ததால் உனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்ட நாட்களும் உண்டு.

இதோடு முடிந்திருந்தால் பழைய கதை. மே மாதம் நோட்டை சிலுவைமுத்துவிடம் ஒப்படைத்தபோது அவர் முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். "கெங்கம்மா சமையல் சார், பார்க்கவே வேண்டாம். கையெழுத்து மட்டும் போடுங்க" என்று சொன்னேன். உன்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துச் சொன்னேன்.

இப்போது யோசித்துப் பார். அவர் உன் மூக்கை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார். நீ அவர் கையெழுத்தை நம்பிக் கரண்டி எடுக்கிறாய். இரண்டு பேர் ஒரு கதவைக் காவல் காக்கிறார்கள், அவன் முழித்திருக்கிறான் என்று இவனும் இவன் முழித்திருக்கிறான் என்று அவனும் தூங்கினால் கதவு திறந்துதான் கிடக்கிறது. நூற்றைம்பது பிள்ளைகள் அந்தக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் சொல்வது பொய்யென்று தோன்றினால் நீயே சோதித்துப் பார். ஆனால் தள்ளிப்போடாதே. உன் விஷயத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், அதை நீதான் சொல்ல வேண்டும். என் விஷயத்தை நான் தேவப்பிரியத்துக்கு எழுதப் போகிறேன். இந்த மாதம் முடிவதற்குள் எழுதிவிடுவேன். அதற்குப் பிறகு பதிவேட்டை எல்லோரும் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் உன் வாயால் நீ சொல்லிவிட்டால், பிடிபட்டதாக இருக்காது, சொன்னதாக இருக்கும்.

மீதிப் பாதிக் கோபத்தையும் இதற்காக வைத்துக்கொள். எனக்கு அது வேண்டியதுதான்.

குழலி

*

புளியந்தோப்பு
26.9.2025

குழலி,

உன் லெட்டர் சனிக்கெழம வந்துச்சு. ரெண்டு நாளு உன்னைத் திட்டிகினே இருந்தேன். லோகநாதன் காதப் பொத்திக்கினாரு. அப்பறம் செவ்வாக்கெழம நீ சொன்னாப்புல சோதிச்சேன்.

அன்னிக்கு தக்காளி சாதம். மேல போற தட்டுல சோத்தக் கரண்டியால நல்லா தட்டி, கரண்டிக் காம்பால குறுக்க ஒரு கோடு போட்டேன். எப்பவும் ஜூடிதான் தட்ட எடுத்துகினு வந்து கழுவுவா. அன்னிக்கு நானே மேல போய் எடுத்தேன். போட்ட கோடு போட்டாப்புலயே கீது. சோறு காஞ்சு போயிருந்துச்சு. பக்கத்துல நோட்டு. அன்னித் தேதி போட்டு, "சுவை நன்று", சிலுவைமுத்துன்னு அழகா எழுதியிருந்தாரு.

கீழ பசங்க தட்டோட வரிசைல நிக்குதுங்க. ஜூடியாண்ட கரண்டிய எடுக்காதன்னு கத்திட்டு, அந்தத் தட்டத் தூக்கினு சாரு முன்னால போய் நின்னேன்.

"சாப்புடுங்க சார்."

"அட இன்னா கெங்கம்மா, உன் சமையல்ல நான் இன்னா பாக்கறது."

"எனுக்கு மூக்கு இல்ல சார். ஜூன்லேர்ந்து வாசனையே தெரியல. நீங்க பாக்கறீங்கன்னு நெனச்சுகினு ஆக்கிப் போட்டுகினு கீறேன்."

சொல்லிட்டேன் குழலி. எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல. சாரு ஒரு வாயி எடுத்து வெச்சாரு. மெல்லல. கைக்குட்டைய எடுத்து வாயத் தொடச்சிக்கினு, "எண்ணெய் கெட்டுப்போச்சும்மா, சிக்கு வாடை"ன்னாரு.

கோடை லீவு பூரா ஜன்னலாண்ட வெயில்ல இருந்த டின்னு அது. செப்டம்பர் மொத வாரம் நான்தான் ஒடச்சேன். ஜூடி அப்பவே, "அக்கா, எண்ணெய் ஒரு மாதிரி கீதே"ன்னா. நான் பாக்காத எண்ணெயா, நீ வேலையப் பாருன்னு அவ வாய அடைச்சேன். ரெண்டு வாரத்துக்கும் மேல அந்த எண்ணெயில ஆக்கிப் போட்டுக்கீறேன். குப்பைத் தொட்டில சோறு நெறைய விழுந்துச்சு. பசங்க கடை சிப்ஸு தின்னுட்டு வந்து சோத்தக் கொட்டுதுங்கன்னு நான் திட்டிகினு இருந்தேன்.

எச்.எம். வந்தாங்க. அந்த அண்டாவ அப்படியே ஓரம் கட்டிட்டு, ஜூடி வெறும் சோறும் பருப்பும் வேக வெச்சா. ஒரு மணிக்கு மேல ஆச்சு. முட்டையோட சாப்டுதுங்க. யாருக்கும் ஒடம்புக்கு ஒன்னும் ஆவல. நாலு தடவ கேட்டேன்.

மூணாங்கிளாஸ் மகிமாவ உனுக்குத் தெரியும், அந்த வாயாடி. அவகிட்ட கேட்டேன், இத்தினி நாளா சோறு எப்டிடி இருந்துச்சுன்னு. "பெயிண்ட் வாசம் வந்துச்சு ஆயா"ன்னா. ஏன்டி சொல்லலன்னு கேட்டேன்.

"ஆயாவுக்கு ஒடம்பு செரியில்ல, யாரும் அவங்களத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு ஜூடிக்கா சொன்னாங்க. அதான் தின்ன வரிக்கும் தின்னோம்."

நாளைலேர்ந்து காலாண்டு லீவு. ஸ்டான்லிக்குப் போறேன். எச்.எம். ஆபீசுக்கு எழுதணும்னு சொல்லிட்டாங்க. எழுதுங்கன்னு சொன்னேன்.

கெங்கம்மா

*

ஓசூர்
5.10.2025

அன்புள்ள கெங்கம்மா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு சிலுவைமுத்து முன்னால் போய் நின்றாயே, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கும்.

என் பங்கைச் செய்துவிட்டேன். தேவப்பிரியத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலை மண்டல அலுவலகத்துக்கும் அனுப்பினேன். நான்கு வருடம் ருசி பார்க்காமல் கையெழுத்திட்டேன், எனக்குப் பின் வந்தவரையும் அப்படியே செய்யச் சொன்னேன், சமையலரின் திறமையைக் காரணம் காட்டி என் கடமையை விட்டேன், இதில் சிலுவைமுத்துவின் தவறில் பாதி என்னுடையது என்று எழுதினேன். என் தம்பி பீம்ராவ் போனில் கத்தினான். "ரிடையர் ஆனப்புறம் எவனாவது தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்குவானா? பென்ஷன்ல கை வச்சா என்னக்கா பண்ணுவ?" என்றான். வைத்தால் வைக்கட்டும் என்றேன். அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை.

மகிமா சொன்னதைப் பற்றி ஒன்று. அந்தப் பிள்ளைகள் உன்மேல் இருந்த பிரியத்தில் பேசாமல் இருந்தார்கள். நானும் உன்மேல் இருந்த பிரியத்தில்தான் ருசி பார்க்காமல் இருந்தேன். பிள்ளைகளுக்கு அது தவறில்லை, அவர்கள் வயது அப்படி. எனக்கு அறுபது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், நீ இளைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. பழைய ருசியைத் தேடிச் சாப்பிடாதே. தேடினால் ஒவ்வொரு கவளத்திலும் இல்லை இல்லை என்றுதான் தெரியும். இருக்கிறவற்றுக்கு வேலை கொடு. புளிப்பு தெரிகிறதல்லவா, மாங்காய்ப் பத்தையில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள். பல்லுக்கு வேலை கொடு, வடகம், அப்பளம், வறுத்த வேர்க்கடலை. தயிர்ச்சோறு ஜில்லென்று இருக்கட்டும், ரசம் சுடச்சுட இருக்கட்டும். என் பெரியப்பாவுக்குக் கண் போன பிறகு பேப்பரை எங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். முன்பு படித்தது போல இல்லைதான், ஆனால் செய்தி தெரிந்தது.

லோகநாதனிடம் மீன் பற்றிச் சொன்ன பொய்யையும் சரி செய்துவிடு. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஸ்டான்லியில் என்ன சொன்னார்கள்?

குழலி

*

புளியந்தோப்பு
20.11.2025

குழலி,

லேட்டா எழுதறேன். முடிவு ஆவட்டும்னு இருந்தேன்.

ஸ்டான்லில ஒரு டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, மூக்குக்குள்ள டார்ச் அடிச்சு ஒயர் வுட்டுப் பாத்தாங்க. அடைப்பு ஒன்னும் இல்லியாம். வாசனை புடிக்கற நரம்பு ஜுரத்துல அடிபட்டுப் போச்சாம். கிராம்பு, எலுமிச்ச, பன்னீரு, நீலகிரித் தைலம், நாலையும் காலைல சாயங்காலம் மோந்து பாக்கணும். சும்மா மோந்தா போதாது, அது முன்னாடி எப்டி இருந்துச்சுன்னு மனசுல நெனச்சுகினே மோக்கணும். வருமான்னு கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம், விடாம செய்யுங்க"ன்னாங்க. பொய் சொல்லாம சொன்னாங்களே, அதுவே தெம்பா இருந்துச்சு. ரெண்டு மாசம் ஆவப்போவுது. இன்னும் ஒன்னும் வரல.

மீனு விசயம் லோகநாதனுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சாம். மல்லிய சீரகம்னு சொன்னப்பவே.

ஆபீஸ்லேர்ந்து ஆளு வந்து எழுதிகினு போனாங்க. அடுப்பு இப்ப ஜூடியாண்ட. என்னை வேலைய வுட்டு எடுக்கல. ஜூன் வரிக்கும் அரிசி களையறது, காய் அரியறது, முட்டை உரிக்கறது. ஜூடி மொத நாளு கரண்டிய கைல வாங்க மாட்டேன்னு அழுதா. புடிடி, பசங்க நிக்குதுங்கன்னு குடுத்துட்டு, பின்னால போய் முட்டை உரிச்சுகினு உக்காந்தேன். அன்னிக்கு எத்தினி முட்டை உரிச்சேன்னு தெரியாது. கஷ்டமாத்தான் இருந்துச்சு. இல்லன்னு சொன்னா நீ நம்ப மாட்ட.

ஆனா உப்பு மட்டும் இப்பவும் நான்தான். ஜூடி கரண்டில எடுத்துகினு வருவா, நாக்குல வெச்சு சொல்லுவேன். வாசனைக்கு அவ, உப்புக்கு நானு. எண்ணெய் டின்னு ஒடைக்கும்போது மூணு பேரு மோந்து பாக்கணும்னு எச்.எம். சுவத்துல எழுதி ஒட்டிட்டாங்க. சாருக்கு மெமோ குடுத்தாங்க. உனுக்கும் ஒன்னு வரும்னு எச்.எம். சொன்னாங்க, வந்துச்சா? சாரு என்கிட்ட ஒரு வாரம் பேசல. இப்ப பேசறாரு. முன்னவிட மரியாதையாப் பேசறாரு.

அந்த ருசி நோட்டு இருக்குதில்ல, அத்த இப்ப மேல ஏத்தறதில்ல. எச்.எம். என் கைல குடுத்துட்டாங்க. "மூக்கு இல்லாதவகிட்ட ருசி நோட்டா?"ன்னு கேட்டேன். "உங்களை இனிமே யாரும் ஏமாத்த முடியாதில்ல, அதுக்குத்தான்"னாங்க. அதனால ருசி பாக்கறவங்க கீழ எறங்கி வரணும். நான் எதுர்ல ஸ்டூல் போட்டு உக்காந்துருப்பேன். சிலுவைமுத்து சாருக்கு மொத வாரம் எல்லாம் கூச்சமா இருந்துச்சு, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தாப்புல. இப்ப அவரே, "வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்கணும் ஜூடி"ன்னு சொல்ற அளவுக்கு வந்துட்டாரு. நேத்து ரெண்டாவது தடவ போட்டுக்கினாரு. குப்பைத் தொட்டில இப்ப வெறும் கறிவேப்பிலயும் மொளகாயும்தான் கீது.

வெள்ளிக்கெழமைக்கு மட்டும் வெளியாளு ஒருத்தர் வந்து பாக்கணும்னு ஸ்கூல் மேலாண்மைக் குழுவுல முடிவு பண்ணாங்க. மாசத்துக்கு ஒருத்தர். டிசம்பர் அஞ்சாந்தேதிக்கு ஆளு வேணும்னாங்க. நான் உன் பேரக் குடுத்துட்டேன். எச்.எம். ஒரு மாதிரி பாத்தாங்க. அவங்கதான் செரியான ஆளுன்னு சொன்னேன்.

சாம்பார் சாதம், முட்டை, உருளைக்கெழங்கு. பஸ்ஸுல ஒன்னும் வாங்கித் தின்னாத, பசியோட வா. வாசனை எப்டி கீதுன்னு ஒவ்வொரு வாய்க்கும் எனுக்கு வெளக்கமா சொல்லணும், உன் சயின்ஸ் பாடத்தாட்டம். தட்ட எந்தப் புள்ளைக்கும் தள்ளி வுடக் கூடாது, நான் எதுர்லயே இருப்பேன்.

பேனா என் இடுப்புலதான் சொருகி கீது. தட்டு காலியானாத்தான் தருவேன்.

கெங்கம்மா